மேஸ்திரி சாப்பிட்ட தட்டு

அஹமது கபீர் தம்மாமில் இருபத்தொன்பது வருடம் ஏசி ரிப்பேர் பார்த்துவிட்டு, போன வருடம் நோன்புக்கு ஒரு மாதம் முன்னால் ஒரேயடியாக ஊர் வந்து சேர்ந்தார். மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டின தெருவில் மாடி வைத்த வீடு அவருடையது. செங்கல்லிலிருந்து கேட்டில் அடித்த பச்சை பெயின்ட் வரை எல்லாம் அவர் சம்பாத்தியம். ஆனால் அந்த வீட்டில் தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால் டம்ளர் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

தெரிந்துகொள்ள விட்டால்தானே? இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவில் வருவார். வந்த மனுஷனை ஒரு துரும்பைக்கூட எடுத்துப்போட விடமாட்டாள் அவர் மனைவி சர்புன்னிசா. "நீங்க உக்காருங்க, நான் எடுத்தாறேன்" என்பாள். லீவில் வந்தபோது அது சுகமாகத்தான் இருந்தது. வேலையை விட்டுவிட்டு வந்து பதினொரு மாதம் ஆன பிறகும் அவள் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். கபீரும் உட்கார்ந்துகொண்டே இருந்தார். எவ்வளவு நேரம்தான் ஒருவர் உட்கார்ந்திருப்பது?

அப்புறம் அந்தத் தட்டு. முதல் லீவில் வரும்போது நீலப்பூ போட்ட ஆறு பீங்கான் தட்டுகளைக் கம்பளிக்குள் சுருட்டிக் கொண்டுவந்தார். ஐந்து உடைந்துபோய் ஒன்றுதான் மிஞ்சியது. அதை மேல் ஷெல்ஃபில் வைத்து, அவருக்கு மட்டும் அதில் சோறு போடுவாள் சர்புன்னிசா. அவளுக்கும் மகள் ஷமாவுக்கும் மகன் அஃப்னானுக்கும் பேர் வெட்டின எவர்சில்வர் தட்டுகள். தரையில் விழுந்தாலும் கணீரென்று சத்தம் போட்டுவிட்டுச் சும்மா கிடக்கும் தட்டுகள். கபீர் பேர் வெட்டின பாத்திரம் அந்த வீட்டில் ஒன்றுகூட இல்லை. இதைப் போய் யாரிடம் குறையென்று சொல்வது? மரியாதையாக நடத்துகிறாள் என்று ஒருத்தி மேல் புகார் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்க மாட்டார்களா?

இந்த நிலைமையில்தான், சித்திரை வெயில் ஆரம்பித்த நேரத்தில், சர்புன்னிசாவுக்கு பாண்டிச்சேரியில் கண் ஆபரேஷன் ஆனது. ஒரு கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்தார்கள். இன்னொரு கண்ணிலும் புரை இருந்தது, அதை அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். குனியக் கூடாது, அடுப்புப் புகையில் நிற்கக் கூடாது, தூசி படக் கூடாது, ஒரு நாளைக்கு நாலு வேளை சொட்டு மருந்து. ஷமா இரண்டு நாள் கூட இருந்துவிட்டு, பிள்ளைக்குப் பரீட்சை என்று வானூரில் புருஷன் வீட்டுக்குத் திரும்பினாள். அஃப்னானும் ஊரில் இல்லை. கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்த சர்புன்னிசாவும், எதிரே என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்த கபீரும் தனியாக இருந்தார்கள்.

மூன்றாம் நாள் காலையில் அம்சவல்லி கூடையோடு வந்து கேட்டைத் தட்டினாள். அவள் உப்பளத்தில் வேலை செய்கிறவள். அந்தத் தெருவில் அடிபட்ட பூனை, கூட்டிலிருந்து விழுந்த குஞ்சு எது கிடைத்தாலும் நேரே சர்புன்னிசாவிடம்தான் வரும். அது பல வருட வழக்கம்.

"பாயம்மா, எங்க மேஸ்திரிய கொஞ்சம் பாருங்களேன்" என்றாள்.

கூடையில் பழுப்பும் வெள்ளையுமாக ஒரு கடுவன் பூனை கிடந்தது. உப்பளத்தில் எலி வரப்பைத் துளைத்தால் பாத்தியில் தண்ணீர் நிற்காது, உப்பும் விளையாது. அதனால் மோட்டார் ஷெட்டில் ஒரு பூனை எப்போதும் இருக்கும். இந்தப் பூனை காலையும் மாலையும் வரப்பு வரப்பாக நடந்து மேற்பார்வை பார்ப்பதால் மேஸ்திரி என்று பேர் வைத்திருந்தார்கள். நாலு நாளாகச் சளி பிடித்துக் கிடந்ததாம். கண் ஒட்டிப்போய் வழி தெரியாமல் பாத்திக்குள் விழுந்துவிட்டதாம். மயிரெல்லாம் உப்புப் பூத்து விறைத்திருந்தது. மூக்கு அடைத்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

சர்புன்னிசா கை நீட்டித் தடவிப் பார்த்தாள். "ஐயோ, எலும்பாப் போச்சே. நான் குனியவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரேம்மா. முடியும் கிடியும் கண்ணுல பட்டா வம்பு. என்னத்தடி செய்வேன்?"

அம்சவல்லி கூடையைத் தூக்கினாள். "பரவால்ல பாயம்மா. அது விதி."

"நான் பாத்துக்கறேன்" என்றார் கபீர்.

இரண்டு பெண்களும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். நாற்காலி பேசினதுபோல் ஆகிவிட்டது அவர்களுக்கு. கபீருக்கே ஆச்சரியம்தான். ஆனாலும் எழுந்து போய்க் கூடையை வாங்கிக்கொண்டார். "நல்லாயிட்டா திருப்பித் தந்துருங்க பாய், எலி ரொம்ப ஆட்டம் போடுது" என்று சொல்லிவிட்டு அம்சவல்லி வேலைக்கு ஓடினாள்.

கால்நடை ஆஸ்பத்திரிக்கு மீன் கூடையில் வைத்து, மேலே துண்டைக் கட்டி, ஸ்கூட்டரில் கொண்டுபோனார். டாக்டர் சிவசங்கரி சின்ன வயதுக்காரி, பேச்சு மட்டும் நறுக்கென்று இருக்கும். நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவித் துடைக்கச் சொன்னாள், ஊசி போட்டாள், கண்ணுக்குச் சொட்டு மருந்தும் வாய்க்கு ஒரு சிரப்பும் எழுதினாள். "நாலு வேளை போடணும் பாய். மறந்துடக் கூடாது" என்றாள். "எங்க வீட்டுல ஏற்கெனவே நாலு வேளை நடந்துட்டுதான் இருக்கு டாக்டர்" என்றார் கபீர்.

அப்படி அந்த வீட்டில் இரண்டு நோயாளிகள், இரண்டு சொட்டு மருந்துகள். மாறிப்போனால் கதை கந்தலாகிவிடும் என்று பூனை மருந்துக்கு ஒரு சிவப்பு நூலைக் கட்டினார். முதலில் கை கழுவி மனைவிக்கு, அப்புறம் பூனைக்கு, மறுபடி கை கழுவுவது என்று முறை வைத்துக்கொண்டார். பூனைக்குப் போடுவது சுலபம். துண்டில் சுருட்டி மடியில் வைத்தால் முடிந்தது. மனைவிக்குப் போடத்தான் அவருக்கு நேரம் பிடித்தது. கல்யாணமாகி முப்பத்தோரு வருடத்தில் பகல் வெளிச்சத்தில் அவள் முகத்தை இவ்வளவு பக்கத்தில் அவர் பார்த்ததே இல்லை. புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு இருந்தது.

"இது என்ன சர்பு?"

"சைக்கிள்லேர்ந்து விழுந்தேன். அஃப்னான் நாலாவது படிக்கிறப்போ."

"போன்ல சொல்லவே இல்லியே?"

"எதுக்கு? அங்க ஒண்டியா கெடந்து கவலப்படவா?" என்றாள் அவள். அப்புறம், "சீக்கிரம் போடுங்க, கண்ணு கூசுது" என்றாள்.

சமையலும் அவர் தலையில் விழுந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடி சர்புன்னிசா வழி சொல்ல, அவர் அடுப்படியில் தேடுவார். அந்த அடுப்படியில் மூடியில் எழுதியிருப்பதற்கும் உள்ளே இருப்பதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பிஸ்கட் டப்பாவில் மிளகாய்த்தூள், ஹார்லிக்ஸ் பாட்டிலில் சர்க்கரை, தேங்காய் எண்ணெய் டின்னில் உளுந்து. இரண்டே நாளில் எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. இந்த வீட்டில் என்னை நம்பி முதன்முதலாக ஒரு ஜீவன் வந்திருக்கிறது, அதை எப்படியாவது பிழைக்க வைத்துவிட வேண்டும் என்று அவர் ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டார். அது செத்துப்போனால் மறுபடியும் நாற்காலிக்குத்தான் போக வேண்டும் என்ற பயமும் அவருக்கு இருந்தது.

பூனையோ எதையும் தின்னவில்லை. மூக்கு அடைத்திருந்தால் வாசனை தெரியாது, வாசனை தெரியாவிட்டால் பூனை தின்னாது. கர் கர்ரென்று அது மூச்சு விடுகிற சத்தத்தைக் கேட்கக் கேட்க கபீருக்கு தம்மாம் ரூம் ஞாபகம் வந்தது. எட்டு பேர் படுக்கிற ரூமில் ஒருத்தனுக்குச் சளி பிடித்தால் எட்டு பேருக்கும் பிடிக்கும். அங்கே எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து, சின்னப் பாட்டிலில் வரும் பச்சைத் தைலம். தலைவலிக்கு அதுதான், வயிற்றுவலிக்கும் அதுதான், ஊர் ஞாபகம் வந்து தூக்கம் பிடிக்காதவனுக்கும் அதுதான். லீவில் வருகிறவன் எதை மறந்தாலும் ஒரு டஜன் தைலத்தை மறக்க மாட்டான். வளைகுடா போய்வந்த எந்த வீட்டு அலமாரியைத் திறந்தாலும் அந்த வாசனைதான் முதலில் வரும்.

ஐந்தாம் நாள் மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு வந்தவர், அலமாரியைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்தார். நெஞ்சில் இரண்டு சொட்டு, மூக்குக்குக் கீழே ஒரு சொட்டு. பக்குவமாக, பிள்ளைக்குத் தடவுவதுபோல் தடவிவிட்டார். நல்ல காரியம் செய்த திருப்தியோடு கையை முகர்ந்துகொண்டார்.

பூனை தன் நெஞ்சை நக்க ஆரம்பித்தது. கால் மணி நேரத்தில் வாயில் நுரை தள்ளியது. எழுந்து நிற்கப் பார்த்துப் பின்னங்கால் மடங்கி விழுந்தது. கபீர் செருப்புகூடப் போடாமல் அதைக் கூடையில் அள்ளிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தார்.

"என்ன தடவுனீங்க?" என்றாள் சிவசங்கரி, உள்ளே வந்ததுமே. அவ்வளவு வாசனை.

ஒன்றுமில்லை என்று சொல்லலாமா என்று ஒரு நொடி தோன்றியது அவருக்கு. "தைலம் டாக்டர். சளிக்கு நல்லதுன்னு நெனச்சு…"

"மனுசனுக்கு நல்லது பாய். பூனைக்கு விஷம். அது உடம்புல அத ஜீரணம் பண்றதுக்கு வழியே கிடையாது." திட்டிக்கொண்டே பாத்திரம் கழுவுகிற சோப்பால் தைலத்தைக் கழுவி எடுத்தாள். டிரிப் ஏற்றினாள். இரண்டு மணி நேரம் கழித்துப் பூனையைத் துண்டில் சுற்றிக் கையில் கொடுத்தாள். "நுரை நின்னுடுச்சு. ஆனா வயித்துல ஒண்ணும் இல்ல. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள அதுவா சாப்டணும், இல்லன்னா கஷ்டம். மீன உப்பு போடாம வேக வச்சு, சூடா வைங்க, வாசனை வரும். தட்டையான தட்டுல வைங்க. விளிம்புல மீசை இடிச்சா நோவுல இருக்கற பூனை மூஞ்சிய திருப்பிக்கும்."

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சர்புன்னிசாவிடம் சொன்னார். கத்துவாள் என்று நினைத்தார். அவள் கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து அவர் பக்கம் பார்த்தாள். "பரவால்லங்க, தெரியாமதான செஞ்சீங்க. வெயில்ல போய்ட்டு வந்திருக்கீங்க, உக்காருங்க" என்றாள். டாக்டர் திட்டினதைவிட அது அவருக்கு அதிகமாக வலித்தது. பெற்ற பிள்ளைகளை விளக்குமாற்றால் துரத்தியவள், தெருவில் மீன்காரியோடு மல்லுக்கு நிற்பவள், தன் புருஷனை மட்டும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்கிறாள்.

மறுநாள் காலை மீன் விற்கிற வேலம்மாளிடம் சூடை மீன் வாங்கினார். "உப்பு போடாமலா? மரக்காணத்துல இருந்துகிட்டா?" என்று அவள் சிரித்தாள். வேக வைத்து, முள் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஆவி பறக்க ஷமாவின் எவர்சில்வர் தட்டில் வைத்தார். பூனை மூக்கை நீட்டியது. மீசை விளிம்பில் பட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. பாத்திர மூடியில் வைத்துப் பார்த்தார், அதற்கும் விளிம்பு. எந்தத் தட்டை எடுத்தாலும் விளிம்பு. மணி பதினொன்றரை ஆகிவிட்டது.

கபீர் நிமிர்ந்து மேல் ஷெல்ஃபைப் பார்த்தார். நீலப்பூ போட்ட பீங்கான் தட்டு, நல்ல தட்டையாக, துடைத்து வைத்தபடி இருந்தது. வேறு யாருடையதாக இருந்தாலும் கேட்டிருப்பார். அது அவருடைய தட்டு. எடுத்து மீனை அதில் பரப்பி, மறுபடி கொஞ்சம் சுடுதண்ணீர் தெளித்து, பூனையின் முன்னால் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

மேஸ்திரி வெகுநேரம் யோசித்தது. அப்புறம் நாக்கை நீட்டி ஒரு துணுக்கை நக்கியது. இன்னொன்றையும் நக்கியது. அப்புறம் சத்தம் வரத் தின்னத் தொடங்கியது. "யா அல்லாஹ், உனக்குக் கோடி நன்றி" என்று கபீர் வாய்விட்டே சொன்னார். கண்ணில் தண்ணீர் வந்ததைத் துடைக்கத் தோன்றவில்லை. கை முழுக்க மீன் வாடை.

"தின்னுதா?" என்று ஹாலிலிருந்து சர்புன்னிசா கத்தினாள்.

"தின்னுது, தின்னுது!"

"எதுல வச்சீங்க?"

"ஒரு தட்டுல" என்றார் கபீர். அன்றைக்கு அவருக்கு அதற்கு மேல் தைரியம் இல்லை.

அதற்குப் பிறகு பத்து நாளும் பூனைக்குப் பீங்கான் தட்டுதான். கபீர் ஒரு பாத்திர மூடியில் போட்டுத் தின்றார். சர்புன்னிசாவுக்குக் கண் சரியாகத் தெரியாததால் அது நடந்தது. பூனை தேறிவந்தது. மயிரில் பளபளப்பு வந்தது. சர்புன்னிசாவின் நாற்காலிக்குக் கீழே படுத்து அவள் காலில் முதுகைத் தேய்க்கும். அவள் குனியாமலே கால் விரலால் அதன் காதைச் சொறிவாள். ஒரு நாள் அது ஃப்ரிட்ஜ் மேல் தாவி ஏறியபோது, இனிமேல் இதை வைத்திருப்பது நியாயமில்லை என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது.

அம்சவல்லி வந்தாள். இதற்குள் மூன்று வரப்பில் எலி ஓட்டை போட்டுவிட்டதாம். கபீர் தானே பூனையைத் தூக்கிக்கொண்டு அவளோடு உப்பளம் வரை போனார். வெயிலில் உப்புக் குவியல்கள் கண்ணைப் பறித்தன. கீழே இறக்கிவிட்டதும் மேஸ்திரி உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு, வாலைத் தூக்கிக்கொண்டு வரப்பின் மேல் நடக்கத் தொடங்கியது. ஒரு இடத்தில் நின்று மோந்து பார்த்தது. அப்புறம் திரும்பியும் பார்க்காமல் போய்விட்டது.

"நன்றி கெட்ட கழுத" என்றாள் அம்சவல்லி.

"அதுக்கு எதுக்கும்மா நன்றி? நான்தான் அதுக்குச் சொல்லணும்" என்றார் கபீர். அம்சவல்லிக்குப் புரியவில்லை. அவருக்கும் அதை விளக்கிச் சொல்லத் தெரியவில்லை.

வீடு திரும்பினபோது மீன் குழம்பு வாசனை கேட் வரை வந்தது. முந்தின நாள்தான் கண் டாக்டர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இனி மெதுவாக வேலை பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார். சர்புன்னிசா அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள். "வந்துட்டீங்களா? உக்காருங்க, போடறேன்" என்றாள்.  இத்தனை நாள் கூத்து முடிந்தது, மறுபடி விருந்தாளி ஆகிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு கபீர் உட்கார்ந்தார்.

அவள் கையை நீட்டி மேல் ஷெல்ஃபிலிருந்து நீலப்பூத் தட்டை எடுத்தாள். சுத்தமாகக் கழுவி அவர்தான் அங்கே வைத்திருந்தார். பேசாமல் இருந்தால் அவளுக்குத் தெரியப்போவதில்லை.

"சர்பு, அதுல வேணாம். அதுலதான் பூனைக்கு வச்சேன்."

"என்னாது?"

"பத்து நாளா அதுலதான் தின்னுச்சு."

சர்புன்னிசா தட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அப்புறம் ஆரம்பித்தாள் பாருங்கள், தெருவே கேட்டிருக்கும்.

"அறிவிருக்கா உங்களுக்கு? உலகத்துல வேற தட்டே கெடைக்கலியா? புயல்ல ஜன்னல் பறந்தப்போகூட புள்ளைங்கள ஒரு கையில, இந்தத் தட்ட ஒரு கையில புடிச்சுகிட்டு நின்னேன் நானு! ஷமாவ தொடக்கூட விட்டதில்ல. பூனைக்கு வச்சாராம் பூனைக்கு! நானும் பாக்குறேன், வந்ததுலேர்ந்து இந்த மனுசன் செய்யறது ஒண்ணாவது உருப்படியா இருக்கா? குடைய பஸ்ஸுல வுட்டுட்டு வர்றது, மோட்டார் போட்டுட்டு டேங்க் வழிய வழிய பேப்பர் படிக்கறது. தைலத்தக் கொண்டாந்து பூனைக்குத் தடவியிருக்காரே, தைலத்த! அத யாராச்சும் செய்வாங்களா?"

கபீர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். பதினொரு மாதமாக அவள் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வரிசையாக வந்தது. ஒவ்வொன்றும் அவருக்குக் குளிர்ச்சியாக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் வாங்கிய முதல் திட்டு இது. நடுவில் அவர் உதட்டில் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிப்பு வேறயா?"

"இல்ல சர்பு." அவர் நிமிர்ந்தார். "அந்தத் தட்டுல நீ சோறு போடறப்பல்லாம், என்னைக்குத் திரும்பிப் போறீங்கன்னு கேக்கற மாதிரி இருக்கும் எனக்கு. நான் எங்கயும் போகப் போறதில்ல. எனக்கும் உங்கள மாதிரியே போடு."

சர்புன்னிசா கரண்டியைக் கீழே வைத்தாள். ஆபரேஷன் செய்த கண்ணில் தண்ணீர் வந்ததை முந்தானை நுனியால் ஒற்றிக்கொண்டாள். தட்டு ஸ்டாண்டிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டை உருவி அவர் முன்னால் ணங்கென்று வைத்தாள். விளிம்பில் அஃப்னான் என்று பேர் வெட்டியிருந்தது. அஃப்னான் துபாய் போய் மூன்று வருடம் ஆகிறது.

"வெள்ளிக்கெழமை பாத்திரக் கடைக்குப் போய் உங்க பேர் வெட்டி ஒண்ணு வாங்கிடலாம். அதுவரைக்கும் இதுல தின்னுங்க" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அவன் லீவுல வந்தா அவனுக்கும் இதுலயேதான் போடணும். பீங்கான எடுக்கவே கூடாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கபீர் மனசுக்குள் அல்ஹம்துலில்லாஹ் சொன்னார். உப்பளத்து வரப்பில் நடந்துகொண்டிருக்கும் மேஸ்திரிக்கும் சேர்த்துச் சொன்னார். குழம்பை ஊற்றிக்கொண்டே சர்புன்னிசா அவரை முறைத்தாள்.

"சும்மாவே உக்காந்திருக்கீங்க பாருங்க. போய் ஊறுகாய எடுத்தாங்க. எங்க இருக்குதுன்னு தெரியுமில்ல?"

தெரியும். காப்பித்தூள் டப்பாவில் இருக்கிறது. கபீர் எழுந்து எடுக்கப் போனார்.